மணலிக்குப் போக ஒரு மலை சைக்கிள்

வடசென்னையில் மலை கிடையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தரை சப்பையாகத்தான் இருக்கும். ஏற்றம் என்றால் மேம்பாலம்தான்: பேசின் பிரிட்ஜில் ஒன்று, திருவொற்றியூர் மாட்டு மந்தையில் ஒன்று. இந்த ஊரில் என் தம்பிக்கு எலக்ட்ரிக் மவுண்டன் பைக் வாங்கப் போகிறோம் என்றதும் அப்பாவே சிரித்துவிட்டார். "போறது மணலிக்கு. இதுக்கு இன்னாத்துக்கு மலையேறற வண்டி?"

சிரிக்கிறவர்கள் மணலி பக்கம் ஒரு தடவை சைக்கிளில் போய்ப் பார்க்கட்டும். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் நடுவில் ராத்திரி பகலாக கன்டெய்னர் லாரி ஓடுகிறது. அந்த பாரத்தில் தார் இளகி, சக்கரத் தடத்தில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாக உறைந்து கிடக்கும். சைக்கிள்காரனுக்கு விட்டு வைத்திருப்பது அந்த ஓரம்தான். அங்கே சரளை, மணல், லாரியிலிருந்து உதிர்ந்த ஆணி, பாதி மூடிய சாக்கடை மூடி. ஒல்லி டயர் வண்டி அந்த மேட்டில் ஏறும்போது சறுக்கினால் விழுவது லாரி பக்கமாகத்தான். ரெண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான டயர், முன்னால் அதிர்ச்சி தாங்குகிற ஃபோர்க், நிமிர்ந்து உட்கார்ந்து பிடிக்கிற அகலமான ஹேண்டில்பார். மவுண்டன் பைக் வேண்டும் என்றது இதற்காக, மலைக்காக இல்லை.

எலக்ட்ரிக் எதற்கு என்றால் அது தம்பிக்காக. வயது முப்பத்து நான்கு, உயரம் 5 அடி 9 அங்குலம், எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, உடம்பை அசைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மணலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் வேலை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் சொச்சம். மெட்ரோ 2021-லிருந்து விம்கோ நகர் வரை ஓடினாலும் மணலிக்கு அது உதவாது. சாதா சைக்கிளில் போனால் ஷிப்ட் ஆரம்பிக்கும்போதே சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருக்கும், அப்புறம் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மோட்டார் பைக் வாங்கினால் உடம்பு அசையாது. நடுவில் ஒன்று வேண்டியிருந்தது.

நான் மிண்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறவள். ஒரு பொருளைப் பற்றி விற்கிறவர் எதை முதலில் சொல்கிறார், எதைக் கேட்டால்தான் சொல்கிறார் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எலக்ட்ரிக் சைக்கிள் கடைகளில் முதலில் வருவது மோட்டார், பேட்டரி, டிஸ்ப்ளே. கேட்டால்கூடச் சரியாக வராதது சைக்கிளைப் பற்றிய பேச்சு. நாலைந்து கடை ஏறி இறங்கிய பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: நம் ஊரில் இந்த வண்டிகளில் மோட்டார் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. முப்பது ஆயிரத்திலிருந்து ஐம்பது ஆயிரம் வரைக்குமான வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கர ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுவில், 250 வாட் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி. பெடல் அச்சில் மோட்டார் வைத்த மிட் டிரைவ் வண்டிகள் விலையில் எங்கேயோ போய்விடுகின்றன. எங்களுக்கு அது வேண்டாம். அதில் மோட்டாரின் இழுப்பு முழுக்க செயின் வழியாகப் போவதால் செயினும் பற்சக்கரமும் சீக்கிரம் தேயும். கோளாறு வந்தால் நம் தெருவில் கை வைக்க ஆளில்லை. ஆக, வித்தியாசம் இருப்பது சைக்கிளில்தான். சக்கரம், பிரேக், ஃப்ரேம், டயர்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிற மெக்கானிக் அண்ணன். வாங்குவதற்கு முன்னாடியே தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மோட்டாருக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. தம்பி ஒக்காந்தா பின்னாடி போக்ஸ் கம்பிதான் பேசும்."

காரணமும் சொன்னார். ஹப் மோட்டார் தட்டு மாதிரி பெரிசு. அதனால் ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போகும் கம்பிகள் குட்டையாகி, ரிம்மில் சாய்வாக நுழைகின்றன. குட்டைக் கம்பிக்கு நெளிந்து கொடுக்கிற தன்மை குறைவு. மேலே நூறு கிலோ, கீழே பள்ளம், நடுவில் மோட்டாரின் இழுப்பு. கம்பி ஹப்பில் மாட்டுகிற வளைவில்தான் உடையும். ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பதற்கு பாரம் கூடும், அப்புறம் வரிசையாக. சாதா 14 கேஜ் கம்பி 2 மில்லிமீட்டர் தடிமன். 13 கேஜ் 2.3, 12 கேஜ் 2.6. தம்பி எடைக்கு மோட்டார் சக்கரத்தில் 13 அல்லது 12 இருக்க வேண்டும் என்றார். இதை எந்தக் கடையிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். வெர்னியர் காலிபர் எடுத்துக்கொண்டு போய் அளந்தான் தம்பி, அவன் தொழில் அது. ஒரு கடையில் விற்பனைப் பையன் அவனை விசித்திரமாகப் பார்த்தான்.

கம்பியைச் சுண்டிப் பார்க்கவும் அவர்தான் பழக்கினார். சக்கரத்தைத் தூக்கிவைத்து ஒரு பக்கத்துக் கம்பிகளை மட்டும் விரலால் வரிசையாகச் சுண்ட வேண்டும். ஒன்று 'டங்' என்று, அடுத்தது 'தொப்' என்று கேட்டால் இறுக்கம் சமமில்லை. வலப்பக்கக் கம்பிகளும் இடப்பக்கக் கம்பிகளும் வேறு வேறு சத்தம்தான் தரும், செயின் ஓடுகிற ஃப்ரீவீல் பக்கம் இறுக்கம் கூட. அதனால் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு ஒப்பிடக் கூடாது. நாங்கள் கடையில் பார்த்த வண்டிகளில் விலை கூடிய ஒன்றில் 'தொப்'புகள் அதிகம். கடைசியில் வாங்கிய வண்டியிலும் ரெண்டு மூன்று இருந்தன. ஓட்ட ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள் மெக்கானிக் அண்ணனிடம் விட்டு கோட்டம் எடுத்து, எல்லாக் கம்பியையும் சமமாக இறுக்கிக்கொண்டோம். புது வண்டியில் கம்பிகள் முதலில் கொஞ்சம் இளகும், அப்போது பார்த்துவிட்டால் பிறகு தொல்லை குறைவு. எடை கூடியவருக்கு வாங்குகிறவர்கள் இந்த ஒரு வேலைக்காவது காசைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

எடை தாங்கும் அளவு பற்றிய எண்ணிலும் ஒரு பொடி இருக்கிறது. சில வண்டிகளில் போட்டிருப்பது ஓட்டுகிறவரின் எடை. சிலவற்றில் வண்டி, ஆள், பை எல்லாம் சேர்ந்த மொத்த எடை. ரெண்டிலும் '120' என்றே இருக்கலாம். வண்டியே இருபத்து மூன்று கிலோ இருக்கும்போது ரெண்டாவது கணக்கில் ஆளுக்கு மிச்சம் தொண்ணூற்றேழுதான். அது எந்தக் கணக்கு என்று கேட்டபோது ஒரு கடையில் உடனே பதில் வந்தது. மற்ற இடங்களில் "அதெல்லாம் தாங்கும் மேடம்."

தம்பிக்கு ஆசை என்னமோ நாலு அங்குல ஃபேட் டயர் வண்டி மேல். பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வண்டி இன்னும் கனம், உருளும் தடை கூட, அதனால் பேட்டரி சீக்கிரம் காலி. எல்லாவற்றுக்கும் மேல், ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது டியூப் கிழிந்தால் அந்த அளவு டியூப் திருவொற்றியூரில் எந்தக் கடையில் கிடைக்கும்? "நீயே சொல்லுடா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 27.5 அங்குலச் சக்கரம், 2.25 அகல டயருக்கு இறங்கி வந்தான். அந்த டயரின் வால்வு மோட்டார் பைக் வால்வு மாதிரியேதான். பழைய சைக்கிளுக்கு அடிக்கிற கைப்பம்ப் அதில் உட்காராது, பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கலாம். கனமான ஆளுக்கு பின்சக்கரத்தில் காற்று குறைந்தால் பள்ளத்தில் டியூப் ரிம்மோடு நசுங்கி, அருகருகே ரெண்டு ஓட்டையாகப் பஞ்சராகும். டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற உச்ச அளவைத் தாண்டாமல், அதை ஒட்டியே வைத்துக்கொள்கிறான்.

பஞ்சர் என்றால் பலரும் பயப்படுவது மோட்டார் சக்கரத்தைக் கழற்றுவதற்கு. கழற்ற வேண்டுமானால் மோட்டார் ஒயரின் கனெக்டரைப் பிரித்து, பெரிய ஸ்பேனர் போட்டு ரெண்டு பக்க நட்டையும் இளக்கி, அச்சு சுழலாமல் பிடிக்கிற வாஷரைப் போன வழியிலேயே திரும்ப மாட்ட வேண்டும். அந்த வாஷரை விட்டுவிட்டால் மோட்டார் இழுக்கும் இழுப்பில் அச்சே சுழன்று ஒயரை முறுக்கிவிடும். ஆனால் நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் எந்தக் காலத்தில் சக்கரத்தைக் கழற்றினார்? வண்டியைச் சாய்த்து, டயரின் ஒரு ஓரத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே உருவி, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, ஒட்டி, உள்ளே தள்ளிவிடுவார். மோட்டார் சக்கரத்துக்கும் அதே வேலை செல்லுபடியாகிறது. டியூபையோ டயரையோ மாற்றுவதென்றால்தான் கழற்ற வேண்டியிருக்கும்.

பேட்டரிக்கு வருகிறேன். அட்டைப் பெட்டியில் 50 கிலோமீட்டர் ஓடும் என்று போட்டிருக்கும். வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் வாட்-ஹவர். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-ஹவர் என்றால் 281. அதை ஐம்பதால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஐந்தரை வாட்-ஹவர் சொச்சம்தான் வருகிறது. அந்த அளவில் ஓட வேண்டுமென்றால் பாதிக்கு மேல் வேலையை ஓட்டுகிறவர் கால்தான் செய்ய வேண்டும். தம்பி கனத்துக்கு, நின்று நின்று கிளம்பும் டி.எச். ரோட்டுக்கு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை), நான் கிலோமீட்டருக்கு மிதித்து ஓட்டினால் பத்து, மிதிக்காமல் த்ராட்டிலைத் திருகி ஓட்டினால் பதினைந்து என்று போட்டேன். போக வர பதினேழு கிலோமீட்டர். முழுக்க த்ராட்டிலில் வந்தால் 255 செலவு, சின்ன பேட்டரியில் வீடு வரும்போது துடைத்துவிடும். ரெண்டு வருஷத்தில் கொள்ளளவு குறைந்த பிறகு வழியிலேயே நிற்கும். அதனால் 10.4 ஆம்பியர்-ஹவர், அதாவது 374 வாட்-ஹவர் உள்ளது. இருபது சதவீதம் தேய்ந்தாலும் 299 மிஞ்சும். இதில் விலை வித்தியாசம் கணிசமாக இருந்தது, கொடுத்தோம். கூடவே மாற்று பேட்டரியின் விலை என்ன, கையில் ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை பில்லின் பின்னாலேயே எழுதி வாங்கினேன். வண்டியின் உடம்பு நன்றாக இருந்தும் பேட்டரி கிடைக்காமல் ஓரம் கட்டின வண்டி எங்கள் தெருவிலேயே ஒன்று நிற்கிறது.

பேட்டரி கழற்றி எடுக்கிற மாதிரி இருப்பதும் முக்கியம். எங்கள் வீடு முதல் மாடி, படி குறுகல், இருபத்து மூன்று கிலோ வண்டியை யாரும் தினம் தூக்க முடியாது. வண்டி கீழே சங்கிலிப் பூட்டில், பேட்டரி மட்டும் மேலே. ஆனால் படிக்கட்டு வாசலில் வைத்து சார்ஜ் போடக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வெளியே போகிற ஒரே வழியும் அடைபட்டுவிடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதும் கிடையாது. 36 வோல்ட் பேட்டரி முழுக்க ஏறும்போது 42 வோல்ட்டுக்குப் போகும்; கூட வந்த சார்ஜர் அதற்கென்று அளந்தது. பர்மா பஜாரில் பின் பொருந்துகிறது என்பதற்காக இன்னொன்றை வாங்கிப் போடாதீர்கள்.

வேகத்தில் ஒரு வம்பு உண்டு. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டியை மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகப் பார்ப்பதில்லை. லைசென்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் கிடையாது. "லாக் எடுத்து விட்டா முப்பத்தஞ்சு போகும்" என்று ஒரு கடையில் தானாகவே சொன்னார்கள். தம்பி கண் பளிச்சென்றது. அந்த வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் அது நம்பர் பிளேட் இல்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி. கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலையில் யாராவது குறுக்கே வந்து அடிபட்டால் எந்தக் காகிதத்தை நீட்டுவான்? அந்தக் கடையில் அதற்கு மேல் பேசவில்லை.

சோதனை ஓட்டம் கேட்டால் கடை வாசலில் நேராகப் போய்த் திரும்பி வரச் சொல்வார்கள். அதில் ஒன்றும் தெரியாது. தம்பியை மெதுவாக, நடக்கிற வேகத்தில், எட்டுப் போடச் சொன்னேன். இந்த விலை வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கிற சென்சார்தான் பெரும்பாலும் இருக்கும். எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. அதனால் மிதிக்க ஆரம்பித்து அரைச் சுற்று கழித்து மோட்டார் திடீரென்று தள்ளும். நிறுத்தின பிறகும் ஒரு கணம் தள்ளும். மாநகரப் பேருந்துக்குப் பின்னால் ஒட்டி நிற்கும்போது அந்த ஒரு கணம் போதும். ஒரு வண்டியில் அது ரொம்ப நீளமாக இருந்தது, ஒதுக்கிவிட்டோம். பிரேக் கைப்பிடியை லேசாகத் தொட்டதுமே மோட்டார் நிற்கிறதா என்பதையும் பின்சக்கரத்தைத் தூக்கிவைத்து த்ராட்டிலைத் திருகியபடி பார்க்க வேண்டும். ரெண்டு கைப்பிடியிலும் தனித்தனியாக.

பிரேக்கில் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. ஹைட்ராலிக் டிஸ்க் பிடிப்பு நன்றாக இருக்கும், விரல் நோகாது, தம்பி சொன்னது சரிதான். ஆனால் அதில் ஆயில் மாற்றிக் காற்றெடுக்க எங்கள் பக்கம் சைக்கிள் கடைகளில் ஆளில்லை. கேபிள் டிஸ்க் என்றால் கம்பியும் பேடும் கையில் இருந்தால் பத்து நிமிஷ வேலை. அவன் எடைக்குப் பேடு சீக்கிரம் தேய்கிறது, அடிக்கடி திருகி இறுக்க வேண்டியிருக்கிறது, உண்மை. பையில் ஒரு செட் பேடு எப்போதும் வைத்திருக்கிறான். நுங்கம்பாக்கத்தில் இருப்பவர் என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

அப்பா துறைமுகத்தில் இருந்த காலம் முழுக்க ஹெர்குலிஸ் ஓட்டினவர். 1949-ல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாரிக்கும் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்த ஊர்க்காரர் என்கிற பெருமை வேறு. புது வண்டியைச் சுற்றி வந்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "கேரியர் எங்க? மட்கார்டு எங்க?" மவுண்டன் பைக்கில் ரெண்டும் வராது. மழை நாளில் மட்கார்டு இல்லாமல் கொருக்குப்பேட்டைத் தண்ணீரில் போனால் முதுகில் கறுப்புக் கோடு விழும். பின்னால் டிஸ்க் பிரேக் காலிபர் இடிக்காத கேரியர் தேட வேண்டியிருந்தது, ஃப்ரேமில் அதற்கான திருகுத் துளை இருந்ததால் பிழைத்தோம். வாங்கும்போதே அந்தத் துளையைத் தேடிப் பாருங்கள். பின் விளக்கும் தனியாக வாங்கினோம், பளிச்சென்று. லாரி டிரைவருக்கு இடப்பக்கம் ஓரத்தில் வருகிற சைக்கிள் கண்ணாடியில் தெரியாத இடம் உண்டு. முந்துவதை விட்டுப் பின்னால் நிற்பதுதான் வழி என்று அப்பாவே பாடம் எடுத்தார்.

தண்ணீர் விஷயத்தில் நாங்கள் கறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெள்ளம் நாள்கணக்கில் வடியவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் வேறு. தூசி, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐ.பி. ரேட்டிங் என்று எழுதியிருப்பதில் பெரும்பாலும் எந்தப் பாகத்துக்கு என்று இருக்காது: பேட்டரிக்கு ஒன்று, டிஸ்ப்ளேக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று. தனித்தனியாகக் கேட்க வேண்டும். மோட்டாருக்குத் தண்ணீர் போகிற வழி அச்சில் ஒயர் நுழைகிற இடம். 27.5 சக்கரத்தில் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய ஓரடி மேலே. முழங்காலுக்குக் கீழே தண்ணீர் என்றாலே அச்சு முழுகலாம், அப்போது இறங்கித் தள்ளுவதும் பயனில்லை. வேறு வழியில் போக வேண்டும், அல்லது லீவு. பேட்டரி முழுகினால் காய்ந்துவிட்டது என்று நினைத்து சார்ஜில் போடவே கூடாது.

வெள்ளம் வருஷத்தில் சில நாள். உப்புக் காற்று தினமும். காசிமேட்டுக் கடல் எங்களுக்கு நடக்கிற தூரம்தான். வாங்கின கொஞ்ச நாளிலேயே ஹேண்டில்பார் போல்ட்டுகளின் தலையில் துரு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணியால் முழுக்கத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு மிச்சத்தை ஒற்றியெடுத்து, ஃபோர்க்கின் பளபளப்புத் தண்டுகளைத் துடைத்துவைக்கிறான். கனெக்டர்களில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ். பிரஷர் பம்ப் வைத்துக் கழுவுவது கூடவே கூடாது.

ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்த ஒன்று, போகும்போது செலவாகிற பேட்டரியும் வரும்போது செலவாகிறதும் ஒன்றில்லை என்பது. கோடையில் பிற்பகலுக்கு மேல் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும். மணலி எங்களுக்கு வடமேற்கில். அதாவது வீடு திரும்பும் வழி முழுக்க எதிர்காற்று. இருபதுக்கு மேல் வேகம் பிடித்தால் மோட்டாரின் சக்தியில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே போய்விடுகிறது. ரெண்டாவது ஷிப்ட் முடிந்து ராத்திரியில் வந்தால் அந்தச் செலவு குறைகிறது. இப்போது அவன் காலையில் மோட்டார் உதவியை ஒன்றாம் நிலையில் வைத்து மிதித்துப் போகிறான், மாட்டு மந்தைப் பாலத்தில் மட்டும் மூன்று. கியரைக் குறைத்து, பாலத்துக்கு முன்னாடியே மிதியை வேகப்படுத்தி ஏறினால் ஹப் மோட்டார் திணறாது. த்ராட்டில் அசதியான நாட்களுக்கு. டாக்டரிடம் போய் வந்தான், சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சோறு குறைத்ததாலும் இருக்கலாம்.

பின் டயரின் நடுக் கட்டைகள் மழமழவென்று ஆகிவிட்டன, முன்னால் அப்படியே இருக்கிறது. அடுத்த சம்பளத்தில் பின்னால் மட்டும் நடுவில் வழவழப்பும் ஓரத்தில் கட்டையும் உள்ள செமி ஸ்லிக் டயர் போடலாம் என்று பேச்சு. தார் ரோட்டில் சத்தமும் குறையும், பேட்டரியும் கொஞ்சம் மிஞ்சும். அதற்குச் சக்கரத்தைக் கழற்றும் அன்றைக்கே கம்பிகளையும் ஒருமுறை சுண்டிப் பார்த்துவிடுவதாக மெக்கானிக் அண்ணன் சொல்லியிருக்கிறார்.